மைய வங்கியின் பணி: சென்னை கற்ற பாடமும் உலக நாடுகளின் அனுபவமும்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

படப்பைக் கடைத்தெருவில் ஒரு நாளில் கைமாறும் ரூபாய் நோட்டுகளை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. பேருந்துச் சீட்டுக்கும், மளிகைக் கடையில் அரிசிக்கும், மருந்துக் கடையில் மாத்திரைக்கும் நாம் நீட்டும் தாளை எதிரில் இருப்பவர் மறுபேச்சின்றி வாங்கிக்கொள்கிறார். தாள் என்ற அளவில் அதற்கு மதிப்பு மிகக் குறைவு. ஆயினும் ஐந்நூறு ரூபாய் என்று அச்சிட்ட தாளுக்கு ஐந்நூறு ரூபாய்ப் பொருள் கிடைக்கிறது. ஏன்? அந்தத் தாளை வைத்திருப்பவருக்கு அத்தொகையைத் தருவதாக ஓர் உறுதிமொழி அதில் உள்ளது. அதன் கீழ் கையொப்பம் இட்டிருப்பவர் நிதியமைச்சரும் அல்லர், பிரதமரும் அல்லர். இந்திய ரிசர்வ் வங்கியின் கவர்னர். ஒரு ரூபாய் நோட்டு ஒன்றில் மட்டுமே மைய அரசின் நிதித்துறைச் செயலாளர் கையொப்பம் இடுகிறார்.

‘பணம் பத்தும் செய்யும்’ என்பது பழமொழி. அந்தப் பணத்தையே செய்கின்ற, அதன் மதிப்பைக் காக்கின்ற அமைப்புதான் மைய வங்கி. அது பொதுமக்களுக்குக் கணக்குத் திறப்பதில்லை, கடன் கொடுப்பதில்லை. எனவே பலர் அதனை நேரில் அறியார். ஆனால் ஒவ்வொரு குடும்பத்தின் சேமிப்பும், கடனும், அரிசி விலையும் அதன் முடிவுகளோடு பிணைந்திருக்கின்றன. இக்கட்டுரையில் மைய வங்கி எதற்காகத் தோன்றியது, என்னென்ன பணிகளைச் செய்கிறது, உலக நாடுகள் அதனால் பெற்ற நன்மை தீமைகள் யாவை என்பவற்றை நம் சென்னையின் வரலாற்றிலிருந்தே தொடங்கிக் காண்போம்.

மைய வங்கி இல்லாத சென்னை

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பெரும்புகழ் பெற்றிருந்த ஆங்கிலேய வணிக நிறுவனங்கள் மூன்று. அவை பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்பன. இவற்றுள் ஆர்பத்நாட் கம்பெனி, வணிகத்தோடு வங்கித் தொழிலையும் நடத்தி வந்தது. அரசு அலுவலர்களும், ஓய்வூதியம் பெறுவோரும், கைம்பெண்களும், நிலக்கிழார்களும் தங்கள் சேமிப்பை அதில் வைத்திருந்தனர். பெரிய பெயர், பெரிய கட்டடம், துரைமார் நிர்வாகம் ஆகிய மூன்றுமே மக்களுக்குப் போதிய உறுதியாகத் தோன்றின.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அந்த நிறுவனம் கதவை மூடியது. அதன் இலண்டன் கூட்டாளியான பேட்ரிக் மக்ஃபாடியன் செய்த ஊக முதலீடுகள் பெருநட்டத்தில் முடிந்திருந்தன. அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னையில் தலைமை வகித்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்குத் தொடரப்பட்டு, அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையால் சட்டத்தின் மதிப்புக் காக்கப்பட்டது. வைப்பாளர்களின் பணம் திரும்பவில்லை.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அன்று ஆர்பத்நாட் நிறுவனத்தின் கணக்குகளை இடையிடையே ஆராய்ந்து பார்க்கும் அதிகாரம் எந்த அமைப்புக்கும் இல்லை. அது கூட்டாளிகள் சேர்ந்து நடத்திய தனி நிறுவனம். நெருக்கடி வந்தபோது, ‘இந்த வங்கி பிழைக்கத் தக்கதா, அன்றா?’ என்று தீர ஆராய்ந்து உதவி செய்யவோ, ஒழுங்காக மூடவோ பொறுப்புடைய அமைப்பும் இல்லை. 1843ஆம் ஆண்டு தோன்றிய சென்னை வங்கி என்னும் மாகாண வங்கி இருந்தது. ஆனால் அதுவும் பங்குதாரர்களின் ஆதாயத்திற்காக நடந்த வங்கியேயன்றி, மற்ற வங்கிகளுக்குக் காவலாக அமைந்ததன்று.

இந்த வீழ்ச்சியிலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது. கடன்கொடுத்தோருக்காக வழக்காடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர், இந்தியர்களே நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று முனைந்தனர். அம்முயற்சியின் விளைவாக 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கியது. ஆனால் நல்ல வங்கி ஒன்று தோன்றுவது வேறு. எல்லா வங்கிகளையும் கண்காணிக்கும் அமைப்பு தோன்றுவது வேறு. இரண்டாவதற்கு நாடு இன்னும் இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

உலகில் மைய வங்கிகள் தோன்றிய முறை

மைய வங்கிகளுள் மிகப் பழமையானது சுவீடன் நாட்டின் ரிக்ஸ்பாங்க். அது 1668இல் நிறுவப்பட்டது. 1694இல் இங்கிலாந்து வங்கி தோன்றியது. பிரான்சோடு போர் நடத்தப் பணமின்றித் தவித்த அரசனுக்குக் கடன் கொடுப்பதே அதன் முதல் நோக்கம். ஆக, மக்களின் பணத்தைக் காப்பதற்காக மைய வங்கிகள் பிறக்கவில்லை. அரசுக்குக் கடன் கொடுப்பதற்காகவே பிறந்தன. காவலாளி என்னும் பதவி பின்னர் வந்து சேர்ந்தது. இந்த இரட்டைத் தன்மை இன்றுவரை தொடர்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் வங்கிகள் அடுத்தடுத்து நெருக்கடிக்கு உள்ளாயின. அவற்றை ஆராய்ந்த வால்டர் பேஜட் என்னும் அறிஞர் 1873இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு நெறியை வகுத்தார். நெருக்கடிக் காலத்தில் மைய வங்கி தாராளமாகக் கடன் தரவேண்டும். ஆனால் நல்ல பிணையம் பெற்றுக்கொண்டு, உயர்ந்த வட்டிக்குத் தரவேண்டும் என்பதே அதன் சாரம். நல்ல நிலையிலுள்ள வங்கி வெறும் பீதியால் விழக்கூடாது. கெட்ட நிலையிலுள்ள வங்கி மலிவான உதவியால் பிழைத்துக்கொள்ளவும் கூடாது. பொருளியல் நூல்கள் மைய வங்கியை ‘இறுதிக் கடன் ஈவோன்’ என்று கூறுவது இதனால்தான்.

சென்னையில் ஆர்பத்நாட் விழுந்த மறு ஆண்டே, 1907இல், அமெரிக்காவிலும் பெரும் வங்கிப் பீதி எழுந்தது. அந்நாட்டிலும் அப்போது மைய வங்கி இல்லை. ஜே. பி. மார்கன் என்னும் தனி மனிதர் ஏனைய வங்கியாளர்களைக் கூட்டிப் பணம் திரட்டி நிலைமையைச் சமாளித்தார். ஒரு பெரு நாட்டின் பொருளாதாரம் ஒரு செல்வரின் மனநிலையைச் சார்ந்திருப்பது தகாது என்று அமெரிக்கர் உணர்ந்தனர். 1913ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் ஃபெடரல் ரிசர்வ் சட்டம் நிறைவேறியது. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே பாடம் கிடைத்தது. அமெரிக்கா அப்பாடத்தை ஆறு ஆண்டுகளில் சட்டமாக்கியது. அயலார் ஆட்சியில் இருந்த நமக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

இந்திய ரிசர்வ் வங்கி

1921இல் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் இணைந்து இம்பீரியல் வங்கி ஆயின. இதுவே 1955இல் பாரத ஸ்டேட் வங்கியாக மாறியது. நாட்டுக்குத் தனியே ஒரு மைய வங்கி வேண்டும் என்று ஹில்டன் யங் குழு 1926இல் பரிந்துரைத்தது. டாக்டர் அம்பேத்கர் 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதியதும், இக்குழுவின் முன் சான்றுரைத்ததும் பொருளியல் மாணவர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

1934இல் சட்டம் இயற்றப்பட்டு, 1935ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரிசர்வ் வங்கி செயற்படத் தொடங்கியது. அதன் மூலதனம் ஐந்து கோடி ரூபாய். அதுவும் தனியார் பங்கு மூலதனம். முதல் கவர்னர் சர் ஆஸ்பார்ன் ஸ்மித். 1943இல் கவர்னரான சி. டி. தேஷ்முக் அப்பதவி பெற்ற முதல் இந்தியர். நாடு விடுதலை பெற்ற பின், 1949 ஜனவரி முதல் நாள் வங்கி நாட்டுடைமையாயிற்று. பாகிஸ்தான் பிரிந்த பின்னரும் 1948 ஜூன் இறுதிவரை அந்நாட்டுக்கும் இதுவே மைய வங்கியாக இருந்தது. தமிழகத்தைச் சேர்ந்த எஸ். வெங்கிடரமணன், சி. ரங்கராஜன் ஆகியோர் பிற்காலத்தில் மிக நெருக்கடியான ஆண்டுகளில் இவ்வங்கியின் தலைமைப் பொறுப்பை வகித்தனர்.

மைய வங்கியின் பணிகள்

முதலாவது, நோட்டு வெளியிடுதல். நாசிக், தேவாஸ், மைசூர், சால்போனி ஆகிய நான்கு இடங்களில் நோட்டுகள் அச்சிடப்படுகின்றன. தொடக்கத்தில், வெளியிடும் நோட்டின் மதிப்பில் 40 விழுக்காட்டுக்குத் தங்கமும் அயல்நாட்டுப் பத்திரங்களும் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1957 முதல் குறைந்த அளவு இருநூறு கோடி ரூபாய். அதில் 115 கோடி தங்கமாக இருந்தால் போதும் என்று ஆயிற்று. இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். இன்றைய ரூபாயைத் தாங்கி நிற்பது பெட்டகத்திலுள்ள தங்கம் மட்டுமன்று. அளவோடு அச்சிடுவார்கள் என்ற நம்பிக்கையே.

இரண்டாவது, அரசின் வங்கியாக இருத்தல். மைய அரசின் வரவு செலவும், ஒப்பந்தத்தின்படி தமிழ்நாடு உள்ளிட்ட மாநில அரசுகளின் வரவு செலவும் ரிசர்வ் வங்கியின் வழியே நடைபெறுகின்றன. அரசு கடன் பத்திரங்களை விற்றுக் கொடுப்பதும் அதுவே.

மூன்றாவது, வங்கிகளின் வங்கியாக இருத்தல். வங்கிகள் தாம் பெறும் வைப்புத் தொகையில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைக்கவேண்டும். இதன் பயனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். படப்பையில் ஒருவர் ஆயிரம் ரூபாய் வைப்பு வைக்கிறார். வங்கி பத்தில் ஒரு பங்கை இருப்பாக வைத்துக்கொண்டு 900 ரூபாயைக் கடன் கொடுக்கிறது. கடன் வாங்கியவர் அதைத் தாம்பரத்துக் கடைக்காரரிடம் செலவிட, கடைக்காரர் அதைத் தம் வங்கியில் இடுகிறார். அந்த வங்கி 90 ரூபாயை நிறுத்திக்கொண்டு 810 ரூபாயைக் கடனாக்குகிறது. இவ்வாறே தொடர்ந்து சென்றால் முதலில் வந்த ஆயிரம் ரூபாய் இறுதியில் பத்தாயிரம் ரூபாய் வைப்பாக வளரும். இருப்பு விகிதத்தை ஐந்தில் ஒரு பங்காக உயர்த்தினால் அதே ஆயிரம், ஐந்தாயிரத்தோடு நின்றுவிடும். பணத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் மைய வங்கியிடம் உள்ள கருவிகளில் இஃது ஒன்று. வட்டி வீதம், வெளிச்சந்தையில் பத்திரங்களை வாங்கி விற்றல் ஆகியன பிற கருவிகள்.

நான்காவது, அயல்நாட்டுச் செலாவணியைக் காத்தல். இதன் அருமை 1991இல் நாட்டுக்கு விளங்கியது. அவ்வாண்டு கோடையில் நம் கையிருப்பிலிருந்த அயல்நாட்டுச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்து, சுமார் 40 கோடி டாலர் கடன் பெற்றது. அப்போது கவர்னராக இருந்தவர் வெங்கிடரமணன். வீட்டு நகையை அடகு வைப்பது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஒரு நாடே அந்நிலைக்கு வந்ததைக் கண்டு மக்கள் வருந்தினர். ஆயினும் அந்த ஈட்டினால் நாடு கடன் தவணை தவறாமல் காக்கப்பட்டது என்பதையும் மறத்தல் ஆகாது.

வைப்பாளரைக் காத்தல்

மைய வங்கி தோன்றிய உடனேயே வங்கி வீழ்ச்சிகள் நின்றுவிடவில்லை. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குவிலான் வங்கி மூடப்பட்டது. அப்போது ரிசர்வ் வங்கிக்கு வயது மூன்று. ஏனைய வங்கிகளை ஆராயும் முழு அதிகாரம் அதற்குக் கிட்டியது 1949ஆம் ஆண்டின் வங்கிக் கம்பெனிகள் சட்டத்தால்தான். 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலை மத்திய வங்கி மூடப்பட்டது. பல்லாயிரம் எளிய மக்கள் அதனால் துன்புற்றனர்.

இத்துன்பம் இரண்டு சீர்திருத்தங்களைத் தந்தது. தள்ளாடும் வங்கியை வலிய வங்கியோடு கட்டாயமாக இணைக்கும் வழி வகுக்கப்பட்டது ஒன்று. 1962 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த வைப்புக் காப்பீடு மற்றொன்று. தொடக்கத்தில் ஒரு வைப்பாளருக்குக் காப்பீடு 1,500 ரூபாய். 1993இல் அது ஒரு லட்சம் ஆயிற்று. 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாக உயர்த்தப்பட்டது.

இவற்றின் பயனை நம் தமிழகத்திலேயே காணலாம். 1926இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி, வாராக் கடன்களால் நலிந்தது. 2020 நவம்பர் 17ஆம் நாள் அதன் மீது தடை விதிக்கப்பட்டது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாதவாறு வரையறை செய்யப்பட்டது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அவ்வங்கி டி. பி. எஸ். இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்பாளர்கள் ஒரு ரூபாயும் இழக்கவில்லை. பங்குதாரர்கள் தம் பங்கு முழுவதையும் இழந்தனர். ஆதாயத்தை எதிர்நோக்கிப் பங்கு வாங்கியவர் நட்டத்தைத் தாங்கவேண்டும், நம்பிப் பணம் வைத்தவர் காக்கப்படவேண்டும் என்பதே இதன் உட்பொருள். 1906இல் வைப்பாளர்கள் பட்ட பாட்டையும், 2020இல் அவர்கள் அடைந்த பாதுகாப்பையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் மைய வங்கியின் தேவை கண்கூடாக விளங்கும்.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு வேலி உண்டு. வேலிக்கு வெளியே நிற்பவரை அது காப்பதில்லை. 1990களில் தமிழகமெங்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. ஆண்டுக்கு 24 விழுக்காடும் அதற்கு மேலும் வட்டி தருவதாக விளம்பரம் செய்தன. ஓய்வு பெற்றோர் தம் பணிக்கொடையையும், பெற்றோர் தம் மகளின் திருமணத்துக்கு வைத்த பணத்தையும் அவற்றில் இட்டு ஏமாந்தனர். இதன் பின்னரே 1997இல், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெறுவது கட்டாயமாயிற்று. அதே ஆண்டு தமிழக அரசு வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. ஆயினும் இந்த ஆசை ஒழியவில்லை. 2022ஆம் ஆண்டிலும் மாதந்தோறும் பெருவட்டி தருவதாகக் கூறிய நிறுவனங்கள் மீது சென்னையிலும் வட மாவட்டங்களிலும் வழக்குகள் பதிவாயின.

எனவே நாம் மூன்று செய்திகளைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடு வங்கி வைப்புக்கு மட்டுமே உரியது. நிதி நிறுவன வைப்புக்கு இல்லை. சீட்டு நிறுவனங்கள் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலப் பதிவாளரிடம் பதிவு பெறவேண்டியவை. அவற்றை ரிசர்வ் வங்கி ஆராய்வதில்லை. ஒரு நிறுவனம் பதிவு பெற்றிருப்பதாலேயே அதில் இட்ட பணத்துக்கு ரிசர்வ் வங்கி பொறுப்பாகாது. இவற்றை நம் வீட்டுப் பெரியோருக்கு எடுத்துச் சொல்வது பொருளியல் மாணவரின் முதற்கடன்.

விலைவாசியும் வட்டியும்

பணத்தின் மதிப்பைக் காப்பது என்றால் விலைவாசி ஏற்றத்தை அடக்குவது என்று பொருள். நியூசிலாந்து 1989இல் ஒரு சட்டம் இயற்றி, பணவீக்கத்திற்கு எண்ணால் இலக்கு வைக்கும் முறையை உலகுக்குக் காட்டியது. இந்தியாவில் 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆறு உறுப்பினர் கொண்ட பணக்கொள்கைக் குழு அமைக்கப்பட்டது. மூவர் வங்கியைச் சேர்ந்தவர். மூவர் அரசு நியமிப்பவர். வாக்குகள் சமமானால் கவர்னரின் வாக்கு முடிவு செய்யும். அப்போது வைக்கப்பட்ட இலக்கு 4 விழுக்காடு. இருபுறமும் 2 விழுக்காடு வரை விலகலாம். தொடர்ந்து மூன்று காலாண்டுகள் எல்லை மீறினால், காரணத்தை அரசுக்கு எழுத்து மூலம் விளக்க வேண்டும். 2022இல் அவ்வாறு விளக்கம் தரவேண்டிய நிலையும் வந்தது.

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி தன் ரிப்போ வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. இரண்டரை விழுக்காடு என்பது கேட்பதற்குச் சிறிது. ஒரகடம் தொழிற்சாலையில் பணியாற்றும் ஒருவர் 20 லட்ச ரூபாய் வீட்டுக்கடன், 20 ஆண்டுத் தவணையில் பெற்றிருப்பதாகக் கொள்வோம். வட்டி 7 விழுக்காடாயின் மாதத் தவணை ஏறத்தாழ 15,500 ரூபாய். 9.5 விழுக்காடாயின் ஏறத்தாழ 18,640 ரூபாய். மாதந்தோறும் மூவாயிரத்துக்கு மேல் கூடுதல் சுமை. அவர் பிற செலவுகளைச் சுருக்குகிறார்; கடைகளில் வாங்குவோர் குறைகின்றனர்; விலையேற்றம் தணிகிறது. மருந்து வேலை செய்கிறது. ஆனால் நோயாளி அதன் கசப்பை உணர்கிறார்.

அமெரிக்காவில் இந்தக் கசப்பு மிகக் கடுமையாக இருந்தது. 1979இல் ஃபெடரல் ரிசர்வின் தலைவரான பால் வோல்க்கர், பணவீக்கத்தை ஒடுக்க வட்டியை உயர விட்டார். 1981இல் குறுகியகால வட்டி 20 விழுக்காட்டை எட்டியது. 1980இல் 14 விழுக்காட்டுக்கு மேல் இருந்த பணவீக்கம் 1983இல் 4 விழுக்காட்டுக்குக் கீழ் வந்தது. ஆனால் 1982இன் இறுதியில் உழைப்போரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வேலையற்றிருந்தனர். விலைவாசி அடங்கியதன் பயன் எல்லோருக்கும் கிடைத்தது. அதன் விலையை வேலை இழந்தவர் கொடுத்தனர். மைய வங்கியின் முடிவுகள் வெறும் கணக்கு அல்ல, அவற்றில் நீதி பற்றிய வினாவும் அடங்கியுள்ளது என்பதை இது காட்டுகிறது.

அரசும் மைய வங்கியும்

அரசுக்குக் கடன் கொடுக்கவே மைய வங்கிகள் பிறந்தன என்று மேலே கண்டோம். அந்தப் பிறவிக் குணம் அளவு மீறினால் நேர்வது என்ன? முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் மைய வங்கி, அரசின் செலவுக்காகத் தாளை அச்சிட்டுத் தள்ளியது. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க். வாழ்நாள் சேமிப்பு ஒரு ரொட்டிக்கும் போதாதாயிற்று. 1957இல் அமைந்த புதிய ஜெர்மன் மைய வங்கி அரசின் பிடிக்கு அப்பால் வைக்கப்பட்டதற்கு அந்த நினைவே காரணம்.

நமக்கு மிக அருகிலுள்ள சான்று இலங்கை. அந்நாட்டின் மத்திய வங்கி 1950 ஆகஸ்டு 28ஆம் நாள் தொடங்கப்பட்டது. அமெரிக்கரான ஜான் எக்ஸ்டர் அதன் முதல் ஆளுநர். 2019இன் இறுதியில் அந்நாட்டு அரசு வரிகளைப் பெரிதும் குறைத்தது; அடுத்துத் தொற்றுநோயால் சுற்றுலா வருமானமும் போயிற்று. பற்றாக்குறையை ஈடுகட்ட மத்திய வங்கி பெருமளவு பணம் உருவாக்கியது. 2022 ஏப்ரலில் நாடு அயல்நாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நகரப் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது. யாழ்ப்பாணத்திலும், மலையகத்திலும், கொழும்பிலும் மக்கள் எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். 2023இல் இயற்றப்பட்ட புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசுக்காகப் பணம் அச்சிடுவதைத் தடை செய்தது.

இந்தியா இப்பாடத்தைச் சற்று முன்னரே கற்றது. 1955 முதல், அரசுக்குப் பணம் குறையும்போதெல்லாம் ரிசர்வ் வங்கி தானாகவே கருவூல உண்டியல்களைப் பெற்றுக்கொண்டு பணம் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. தற்காலிகம் என்ற பெயரில் வந்தது நிரந்தரமாயிற்று. சி. ரங்கராஜன் கவர்னராக இருந்தபோது, 1994இல் அரசோடு ஓர் உடன்பாடு செய்துகொள்ளப்பட்டு, 1997 ஏப்ரலில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. செய்தித்தாள்களில் பெரிதும் பேசப்படாத இந்தச் செயல், நம் ரூபாயின் வரலாற்றில் ஒரு திருப்பம் எனின் மிகையாகாது.

அப்படியாயின் மைய வங்கி எவருக்கும் விடை சொல்லவேண்டாமா? வேண்டும். வாக்களித்து ஆட்சியை மாற்றும் மக்கள், கவர்னரை மாற்ற இயலாது. ஆகையால் அவர் தம் முடிவுகளுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். 2016 நவம்பர் 8 அன்று ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டபோது, அம்முடிவில் ரிசர்வ் வங்கியின் பங்கு எத்தகையது என்ற வினா நாடெங்கும் எழுந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நால்வர்க்கு ஒருவர் என்ற கணக்கில் அந்நடவடிக்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நீதிபதி நாகரத்னா மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார். மைய வங்கி தன் அறிவைத் தானே செலுத்தி முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவை மக்கள் முன் விளக்கவும் வேண்டும் என்பதே இவ்விவாதத்திலிருந்து நாம் கொள்ளத்தக்கது.

வளர்ச்சிப் பணி

மேலை நாடுகளின் மைய வங்கிகளிடம் காணாத ஒரு தன்மை நம் ரிசர்வ் வங்கிக்கு உண்டு. பிறந்த நாள் முதலே அதற்கு வேளாண் கடன் துறை ஒன்று சட்டப்படி அமைந்தது. 1951-52இல் அது நடத்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற கடனில் நூற்றுக்கு எழுபது பங்கு வட்டிக்கடைக்காரர்களிடமிருந்தும், மூன்று பங்கே கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தும் கிடைத்தது என்று காட்டியது. அவ்வாய்வு கூட்டுறவு இயக்கத்துக்குப் புத்துயிர் அளித்தது. 1982இல் தேசிய வேளாண்மை ஊரக வளர்ச்சி வங்கி இந்தப் பொறுப்பை ஏற்றது. ஒவ்வொரு மாவட்டத்திற்கும் ஒரு முன்னோடி வங்கி என்ற திட்டம் 1969இல் வந்தது. படப்பை அமைந்துள்ள காஞ்சிபுரம் மாவட்டத்திற்கு முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. ஆர்பத்நாட்டின் வீழ்ச்சியில் பிறந்த வங்கிக்கு நம் மாவட்டத்தின் கடன் திட்டங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு கிடைத்தது பொருத்தமே.

மைய வங்கியால் இயலாதவை

மைய வங்கிக்கு எல்லாம் இயலும் என்று எண்ணுதல் தவறு. மழை பொய்த்துத் தக்காளி விலை ஏறினால், வட்டியை உயர்த்துவதால் தக்காளி விளையாது. பாசனமும், கிடங்கும், சாலையும் அரசின் பொறுப்பு. வரி வாங்காமலே செலவு செய்யும் அரசை எந்த மைய வங்கியும் நெடுங்காலம் காப்பாற்ற இயலாது. கடன் கேட்பார் இல்லாத மந்த காலத்தில் வட்டியைக் குறைப்பதும் அதிகம் உதவாது. குதிரையை நீர்த்துறைக்குக் கொண்டு செல்லலாம், குடிக்க வைக்க இயலாது. பிற்காலத்தில் ஜப்பான் பல்லாண்டுகள் வட்டியைப் பூச்சியத்தின் அருகில் வைத்தும் வேகமான வளர்ச்சியைக் காணவில்லை.

முடிவுரை

மைய வங்கியின் பணி மூன்று சொற்களில் அடங்கும்: அளவு, கண்காணிப்பு, நம்பிக்கை. பணம் அளவோடு இருக்கவேண்டும். வங்கிகள் கண்காணிக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் நடைபெறுகின்றன என்ற நம்பிக்கை மக்களுக்கு வேண்டும். 1906இல் சென்னை மக்கள் ஒரு கட்டடத்தின் பெருமையை நம்பினர். 1990களில் நம் பெற்றோர் சிலர் விளம்பரத்தை நம்பினர். இன்று நாம் நம்புவது சட்டத்தையும் அதன்படி இயங்கும் ஓர் அமைப்பையும். அந்த நம்பிக்கை கண்மூடி வைப்பதாக இருத்தல் கூடாது. பணவீக்கம் எவ்வளவு, வட்டி ஏன் மாறியது, என் பணம் காப்பீட்டுக்குள் அடங்குமா என்று கேட்கத் தெரிந்த குடிமக்கள் இருக்கும் நாட்டில்தான் மைய வங்கியும் தன் கடமையில் வழுவாது நிற்கும். இன்னும் சில திங்களில் கல்லூரியை விட்டு வெளியேறி முதல் ஊதியம் பெறப்போகும் நாம், அத்தகைய வினாக்களைக் கேட்கும் பழக்கத்தை இன்றே மேற்கொள்வோமாக.